மீனாவின் ரத்தத்தில் ஓடிய பஸ்

வத்தலக்குண்டு டிப்போவில் பஸ் சாவியைக் கொடுப்பது மனுசன் இல்லை, ஒரு பெட்டி. காலையில் வரிசையில் நின்று அதன் முன்னால் அட்டையைக் காட்ட வேண்டும். அது நம் ரத்தத்தைப் பற்றி ஒரு நொடி யோசிக்கும். பச்சை எரிந்தால் கீழே தட்டு திறந்து சாவி வரும். மஞ்சள் எரிந்தாலும் வரும், கூடவே மேனேஜரின் முறைப்பும் வரும். சிவப்பு எரிந்தால் தட்டு திறக்காது. இருபத்தாறு வருஷம் கொடைக்கானல் மலையில் வண்டி ஓட்டிய ராஜாங்கத்தை ஒரு தகரப் பெட்டி நிற்க வைத்து விசாரிக்கிறது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பெட்டிக்கு ரத்தம் எப்படித் தெரியும் என்றால், வில்லை. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு மூச்சு வாங்குகிற அளவுக்கு நீளப் பெயர் உண்டு. எங்கள் வாயில் அது வில்லைதான். சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். மேல்கையில் ஒட்டிக்கொண்டால் முடி மாதிரி ஓர் ஊசி உள்ளே போய் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்து டிப்போவுக்குச் சொல்லிவிடும். நெஞ்சு அடைப்பதற்கு முன்னால் ரத்தத்தில் விழுகிற சின்னச் சின்னத் தடயங்களைக்கூட மோப்பம் பிடித்துவிடும். சமவெளியில் பஸ்கள் தாமாகவே ஓடத் தொடங்கி ரொம்ப காலம் ஆகிவிட்டது. மலையில் மூடுபனி இறங்கினால் அந்தப் புத்திசாலி பஸ்களுக்கு ஒரு மண்ணும் தெரிவதில்லை. அதனால் மலைக்கு இன்னும் ஆள் வேண்டும். ஆளுக்குக் கொண்டை ஊசி வளைவில் மாரடைப்பு வந்தால் நாற்பத்தெட்டு பேர் பள்ளத்தில் கிடப்பார்கள். அதற்குத்தான் வில்லை. நியாயம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் சங்கம் சும்மா விடவில்லை. பதினெட்டு நாள் ஸ்டிரைக் நடத்தினோம். வில்லை ரத்தத்தை மட்டும்தான் பார்க்கலாம், ஆள் எங்கே இருக்கிறான் என்று பார்க்கக் கூடாது, மரபணுவைத் தொடவே கூடாது என்று எழுதி வாங்கினோம். முன்வரிசையில் நின்று தொண்டை கட்டக் கத்தியவன் நான். ஆக, வில்லைக்கு ரத்தம் தெரியும், அது யாருடைய ரத்தம் என்று தெரியாது. நான் கத்தி வாங்கிய உரிமை அது. அதை நானே எப்படிப் பயன்படுத்தினேன் என்பதுதான் கதை.

எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். வில்லை ஒரு மாதம் உழைக்கும். முதல் பத்து நாள் உடம்போடு பழகும். அதுவரை வருகிற கணக்கைச் சேர்த்து மட்டும் வைப்பார்கள், பார்க்க மாட்டார்கள்; பெட்டியில் வெள்ளை விளக்கு எரியும், கேள்வி இல்லாமல் சாவி வரும். அதற்கப்புறம்தான் நிறம். எனக்கு அடுத்தடுத்து இரண்டு மாதம் மஞ்சள். மூன்றாவது மாதமும் மஞ்சள் என்றால் மலை வண்டி கிடையாது, டிப்போவில் டயருக்குக் காற்றுப் பிடிக்க வேண்டியதுதான்.

டிப்போ டாக்டர் நூர்நிஷா கூப்பிட்டுத் திட்டினார்.

"பெருமாள்மலையில இறங்கி என்ன சாப்பிடுறீங்க, ராஜாங்கம்? உண்மையைச் சொல்லுங்க."

"டீ."

"டீ குடிச்சா ரத்தத்துல டிரைகிளிசரைடு கொழுப்பு நானூறு வராது. பரோட்டாவா?"

"ரெண்டு. சால்னா கொஞ்சமாத்தான் ஊத்துனேன்."

"சர்க்கரை ஏறுனா கொழுப்பும் கூடவே கையைப் பிடிச்சுட்டு ஏறும். நல்ல கொழுப்பு குறைஞ்சு போகும். கெட்ட கொழுப்பு கணக்குல சரியாத்தான் தெரியும், ஆனா உங்களை மாதிரி ஆளுங்களுக்கு அது பொடிப்பொடியா இருக்கும். பெரிசா இருந்தா உருண்டு போயிரும். கடுகு மாதிரி இருந்தா ரத்தக்குழாய் இடுக்குல போய் ஒட்டிக்கும். வலிக்காது, காட்டிக்கொடுக்காது."

"எங்க வீட்டுல எண்ணெயே கிடையாது டாக்டரம்மா. நீங்க குடுத்த தாளைச் சுவத்துல ஒட்டி வச்சு அதன்படிதான் சமைக்கிறா."

"வீட்டுச் சாப்பாடு சரியாத்தான் இருக்கு. உங்க நாக்குதான் சரியில்ல" என்றார்.

வெளியே வந்தால் அந்தோணிராஜ். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், பக்கத்து வண்டி. சிரித்தான்.

"ஏன் மாப்ள மூஞ்சி தொங்குது? புது வில்லையை வீட்டுல வச்சுத்தானே ஒட்டணும்? தங்கச்சி கையில ஒட்டிவிடு. ஒல்லியா, சுறுசுறுப்பா இருக்கும். பச்சை கேரண்டி."

"டேய், அது தப்புடா."

"நம்ம டிப்போ பச்சை விளக்குல பாதி பொண்டாட்டிமார் ரத்தம்டா. நீதான் இன்னும் யோக்கியன் மாதிரி சொந்த ரத்தத்தைக் காட்டிக்கிட்டு அலையிற."

தப்பு என்று சொன்னவன் வீட்டுக்குப் போய் என்ன செய்தேன்? அதைத்தான் செய்தேன். டயருக்குக் காற்றுப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. காலை ஆறரைக்கு டம் டம் பாறை வளைவில் திரும்பும்போது கீழே மேகம் கிடக்கும் பாருங்கள், அதை விட்டுவிட்டு உட்கார முடியாது என்று தோன்றியது. என்னால் நாற்பத்தெட்டு பேருக்கு ஆபத்து வரும் என்று தோன்றவில்லை. எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று எல்லா டிரைவரும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன்.

பாண்டிமீனா என் மனைவி. நாற்பத்தாறு கிலோ. கல்யாணம் ஆகி முப்பது வருஷத்தில் காய்ச்சல் என்றுகூடப் படுத்ததில்லை, அல்லது நான் பார்த்ததில்லை. ரவிக்கைக் கையை மடித்துக் காட்டினாள்.

"குத்துமா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான்."

ஒட்டி அழுத்தினேன். தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஒரு தடவை உங்க பஸ்ஸுல கொடைக்கானல் கூட்டிட்டுப் போங்கன்னு எத்தனை வருஷமா கேட்டேன். இப்பப் பாருங்க, என் ரத்தத்துலதான் உங்க பஸ்ஸே ஓடப்போகுது."

எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்குக் கத்திரிக்காய் வதக்கல். எனக்கு வைத்த துண்டுகளில் எண்ணெய்ப் பசையே இல்லை. எப்படித்தான் செய்கிறாளோ, ருசி மட்டும் குறையாது.

பத்து நாள் வெள்ளை விளக்கில் ராஜா மாதிரி வண்டி ஓட்டினேன். பெருமாள்மலையில் பரோட்டா இரண்டு மூன்றானது. பதினோராவது நாள் காலை பெட்டியின் முன் அட்டையைக் காட்டினேன். பச்சைக்குக் காத்திருந்தேன்.

சிவப்பு எரிந்தது. எரிந்ததோடு இல்லாமல் கீ கீ என்று கத்தவும் தொடங்கியது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் இரண்டடி விலகினார்கள். அந்தோணிராஜ் வாயைப் பிளந்தான். எனக்கு வந்த கோபத்தில் பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டேன். "எவன்டா இந்தச் சனியனைச் செஞ்சது!" என்று கத்தினேன். அதற்குள் நூர்நிஷா ஓடிவந்து என்னைப் பிடித்து அறைக்குள் இழுத்துப் போய்ப் படுக்க வைத்தார்.

"அசையாதீங்க. நெஞ்சு வலிக்குதா? தாடை? முதுகு?"

"எரிச்சலா இருக்கு. அந்தப் பெட்டி மேல."

"வில்லை எங்க?"

கையில் இல்லையே! "கோபத்துல பிய்ச்சு சாக்கடையில எறிஞ்சுட்டேன்" என்று புளுகினேன். என் கோபம் டிப்போ முழுக்கப் பிரசித்தம். நம்பிவிட்டார்.

விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். நெஞ்சில் வயர்களை ஒட்டினார். ஐந்து நிமிஷத்தில் சீட்டு வந்தது. அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"ஒண்ணும் புரியல. உங்க விரல் ரத்தம் எப்பவும் போல மஞ்சள். இதயம் நல்லா ஓடுது. வில்லை சொல்றது என்னன்னா, டிரைகிளிசரைடு எண்ணூத்து சொச்சம், சர்க்கரை முன்னூத்து முப்பது, நல்ல கொழுப்பு பாதாளத்துல. அது போகட்டும். ரெண்டு தடவை ரத்தக்குழாய் அடைச்சு அடைச்சுத் திறந்திருக்குன்னு சொல்லுது. நேத்து சாயங்காலம் ஒண்ணு. போன செவ்வாய்க்கிழமை காலையில ஏழே கால் மணிக்கு ஒண்ணு, அதுதான் பெரிசு. செவ்வாய்க்கிழமை ஏழே காலுக்கு உங்களுக்கு ஏதாவது பண்ணுச்சா?"

செவ்வாய்க்கிழமை எனக்குப் பத்து மணி வண்டி. ஏழே காலுக்கு நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். சட்னி கேட்டேன். வரவில்லை. எட்டிப் பார்த்தால் மீனா அடுப்புக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. "முதுகுல என்னவோ புடிச்சிருக்குங்க. அசதியா வருது" என்றாள். "வாயுதான். ரெண்டு பூண்டை நசுக்கித் தின்னு" என்றேன். சட்னியை நானே எடுத்துக்கொண்டேன்.

"இல்ல டாக்டரம்மா" என்றேன். "எனக்கு ஒண்ணும் பண்ணலை."

"அப்ப வில்லை பழுது" என்றார் நூர்நிஷா. மேஜையில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். "சில சமயம் ஆயிரத்துல ஒண்ணு இப்படி வந்துரும். பழுதுன்னு எழுதிடுறேன். அந்தக் கணக்கை மூடிட்டுப் புதுசா ஒண்ணு ஒட்டிக்கலாம். உங்களுக்கு இன்னிக்கே சாவி கிடைக்கும். பயந்தே போயிட்டேன் போங்க."

அவர் குனிந்து எழுதினார். திரை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது, என் கண்ணுக்கு நேரே. அதில் என் பெயர், கீழே ஒரு கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டின் நுனியில் புதிதாக ஒரு புள்ளி விழுந்தது. சாக்கடையில் கிடப்பதாக நான் சொன்ன வில்லை, பத்து நிமிஷம் ஆனதும் சமர்த்தாக அடுத்த செய்தியை அனுப்பியிருந்தது. சர்க்கரை முன்னூற்று நாற்பத்தொன்று. இந்த நிமிஷம். என் வீட்டில்.

சுவரில் பலகை தொங்கியது. வில்லையைப் பிறருக்கு அணிவித்தால் ஓட்டுநர் பணி நிரந்தரமாக ரத்து. பெரிய எழுத்து. அதையும் வாங்கிக் கொடுத்தது சங்கம்தான், வேலையை விட்டே நீக்காமல் ரத்தோடு நிறுத்தியது. நான் வாயைத் திறக்க வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மீனாவைத் தனியாக ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. இப்படி நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். மூன்று, நான்கு மூச்சு அளவுக்கு நினைத்தேன். பாவி.

"டாக்டரம்மா, பழுதா இல்லாம இருந்துச்சுன்னா? அந்த ரத்தத்துக்கு உரிய ஆளுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"சொல்ல முடியாது. ஒரு வாரம் தாங்கலாம். சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காமப் போகலாம். ஏன் கேக்குறீங்க?"

"அது என் ரத்தம் இல்ல. என் வீட்டுக்காரி ரத்தம்."

நூர்நிஷா பேனாவை வைத்தார். திட்டவில்லை. "வீடு எங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆம்புலன்ஸில் போகும்போது மீனாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. அந்த ஏழு நிமிஷ ரோட்டை என் ஆயுசில் மறக்க மாட்டேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. மீனா அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் இரும்புச் சட்டி. அதில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் எண்ணெய் மினுங்கியது. போன் ஹாலில் கிடந்தது.

என்னையும் டாக்டரையும் ஸ்டிரெச்சரையும் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்னாங்க? என் ரத்தம் சரியில்லையா? என்னால உங்க சாவி போச்சா?"

நான் அங்கேயே உடைந்துபோனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள்தான் எண்ணெய்க் கையால் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "அழாதீங்க. இன்னொரு வில்லை குடுப்பாக" என்றாள்.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுடைய ரத்தக்குழாயைத் திறந்து கம்பி வலை வைத்தார்கள். ஒரு குழாய் தொண்ணூறு சதவீதம் அடைத்திருந்தது. மறுநாள் கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் நூர்நிஷா கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷமா சர்க்கரை இருக்கும்மா?"

மீனா சிரித்தாள். "எனக்கா? சர்க்கரை அவருக்குல்ல?"

"உங்களுக்கும் இருக்கு. ஆறேழு வருஷமாவது இருக்கும். சோதிச்சுப் பார்த்ததே இல்லையா?"

"எனக்கு எதுக்குங்க சோதனை? நான் என்ன வண்டியா ஓட்டுறேன்?"

"சரி, என்ன சாப்பிடுவீங்க?"

"அவரு சாப்பிட்ட மிச்சம்தான். உங்க தாள்ல அவருக்கு ஒரு நாளைக்கு மூணு ஸ்பூன் எண்ணெய்தான்னு போட்டிருந்துச்சு. எண்ணெய் இல்லாம வதக்குனா அவரு தட்டைத் தள்ளிவிட்டுருவாரு. அதனால எப்பவும் போல வதக்கி, துண்டை மட்டும் கரண்டியால அமுக்கி எண்ணெயை வடிச்சு அவருக்கு வச்சுருவேன். சட்டியில நிக்குற எண்ணெயக் கொட்ட மனசு வருமா? ரெண்டு கரண்டி சோத்தைப் போட்டுப் பிரட்டுனா அதுதான் எனக்குக் குழம்பு. கறி எடுத்தா கொழுப்பையெல்லாம் பொறுக்கி எடுத்துட்டு அவருக்கு வெறும் கறி. தீபாவளிக்கு அவருக்கு வர்ற ஸ்வீட்டும் நான்தான் தின்னு தீர்ப்பேன். வீட்டுல இருந்தா அவரு எடுத்துத் தின்னுருவாருல்ல?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷம். டாக்டர் என் உடம்பிலிருந்து எடுக்கச் சொன்னதையெல்லாம் இவள் எடுத்துத் தன் உடம்பில் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் டிப்போவில் "எங்க வீட்டுல எண்ணெயே கிடையாது" என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

"சாப்பாடு மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் நூர்நிஷா, என்னைப் பார்த்து. "சர்க்கரை பார்க்காமலே கிடந்தது. மாத்திரை கிடையாது. அது கொழுப்பை ஏத்தி விட்டுருச்சு. ஒல்லியா இருக்காங்கன்னு யாருக்கும் சந்தேகமும் வரலை. வலிகூட ஒழுங்காத் தெரிஞ்சிருக்காது, சர்க்கரை நரம்பை மழுங்கடிச்சிரும்."

"ஒரு வில்லை இருந்திருந்தா?"

"ஆறு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கும். ஆனா திட்டம் டிரைவருக்கு மட்டும்தானே? குடும்பத்துக்குக் கிடையாதே."

பதினெட்டு நாள் ஸ்டிரைக்கில் நாங்கள் எழுதிக் கொடுத்த கோரிக்கைகள் பதினான்கு. அதில் இது இல்லை. ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

விசாரணை நடந்தது. அதிகாரி கண்டிப்பான மனுசர், ஆனால் கெட்டவர் இல்லை. "உங்க மனைவி பிழைச்சது சந்தோஷம். ஆனா பத்து நாள் உங்க ரத்தம் எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாம, தினம் நாப்பத்தெட்டு பேரை மலை ஏத்தியிருக்கீங்க. அதுல ஒரு நாள் நீங்க ஸ்டியரிங்ல சாய்ஞ்சிருந்தா?" என்றார். அதில் நான் மூன்று பரோட்டா தின்றுவிட்டு ஏறிய நாட்களும் உண்டு. மீனாவின் ரத்தத்தை முப்பது வருஷத்தில் முதல்முறையாகப் பரிசோதித்தது என்னுடைய திருட்டுத்தனம்தான். அதற்காக அது திருட்டு இல்லை என்று ஆகிவிடாது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மலை வண்டி போயிற்று. எங்கே போட்டார்கள் தெரியுமா? அந்தப் பெட்டிக்கே என்னைக் காவல் போட்டார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூல். தட்டு மாட்டிக்கொண்டால் தட்டிவிட வேண்டும், எவனாவது உதைக்க வந்தால் தடுக்க வேண்டும்.

வீட்டில் இப்போது சமையல் நான்தான். மூன்று ஸ்பூன் எண்ணெயை அளந்து ஊற்றி இரண்டு பேருக்கும் ஒரே சட்டியில் வதக்குகிறேன். "இதை மாட்டுக்கு வச்சா மாடுகூட நம்மள முறைக்கும்" என்கிறாள் மீனா. சட்டியை அவள் கைக்குப் போகும் முன்னால் நான் எடுத்துக் கழுவிவிடுகிறேன். சோப்புப் போட்டு, இரண்டு முறை. அவள் வில்லைக்கு மனுப் போட்டிருக்கிறோம். குடும்பத்தாருக்கு வழிவகை இல்லை என்று ஒரு தடவை திரும்பி வந்தது. மறுபடி போட்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை காலை, முதல் வண்டிக்கு அந்தோணிராஜ் வரிசையில் முதலாவதாக நின்றான். அட்டையைக் காட்டினான். வெள்ளை விளக்கு எரிந்தது. புது வில்லை, பழகும் நாள். தட்டு திறந்து சாவி வந்தது. அவன் எடுக்கவில்லை.

"மாட்டிக்கிச்சா?" என்று தட்டிவிடப் போனேன்.

"இல்ல மாப்ள." அவன் முகம் என்னவோ போல் இருந்தது. "வீட்டுல எஸ்தருக்கு நாலு நாளா மாடி ஏறுனா மூச்சு வாங்குது. நேத்து தாடை வலிக்குதுன்னா. பல்லு வலியா இருக்கும்னு சொல்லிட்டேன். ராத்திரி பூரா உன் சம்சாரத்தை நினைச்சுத் தூக்கம் வரல." குரலை இறக்கினான். "வில்லை அவ கையிலதான் இருக்கு. நிறம் வர இன்னும் ஆறு நாள் ஆகும். என்னால அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. டாக்டரம்மா வந்துட்டாங்களா?"

"உள்ளதான் இருக்காங்க. சொன்னா மலை போயிரும்டா."

"தெரியும்" என்றான். அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு நூர்நிஷாவின் அறையைப் பார்த்து நடந்தான். கதவுக்கு முன்னால் ஒரு கணம் நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனான்.

சாவி தட்டிலேயே கிடந்தது. அடுத்து நின்றவன் முன்னால் வர வேண்டும், வரவில்லை. அவனுக்குப் பின்னால் நின்றவன் போனை எடுத்து, "சாப்பிட்டியா? உனக்கு ஒண்ணும் பண்ணலையே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு பேர் வரிசையை விட்டு விலகி, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், டாக்டர் அறை வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். மேனேஜர் ஓடிவந்து என்னய்யா இது என்று கத்தினார். நான் ஸ்டூலை எடுத்துப் போய் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டேன், இன்னும் ஆள் வரும் போலிருந்தது. அன்றைக்குக் கொடைக்கானலுக்கு மதியம் வரை பஸ் போகவில்லை.